பதில் வரும் இடம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டைத் தவிர நான் எதையும் எழுதிப் பழகவில்லை. அதிலும் பாதியை மனசிலேயே வைத்துக்கொள்கிற ஆள்.

விக்கிரமசிங்கபுரத்தில் மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதலில் போய் ஒயர் இழுத்து, பெட்டிகளைத் தூக்கி வைத்து, மைக் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் "ஹலோ, ஹலோ" என்பார்கள். எனக்கு ஆட்களைப் பார்த்து ஹலோ சொல்லக் கூச்சம். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, நானே கட்டிய வரி ஏதாவது ஒன்றைப் பாடுவேன். சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த நண்பன் துபாய்க்குப் போகும்போது தன் கிட்டாரை என்னிடம் விட்டுப்போனான். பிறகு அதையும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. கட்டைவிரல் மட்டும் தடித்த கம்பியை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் தோன்றினால் வரும்.

ஒரு கொடையில் பந்தல்காரர் சத்தமாகச் சொன்னார்: "கச்சேரியவிட டெஸ்டிங்குதான் நல்லாருக்கு வே! பாட்டுக்காரங்கள நாளைக்கு வரச் சொல்லிருங்க."

யாரோ நான் பாடியதைப் போனில் பிடித்து நெட்டில் போட்டார்கள். கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். அப்புறம் மதுரை, சென்னை, பெங்களூர். பெங்களூரில் ஒருவர், நான் பாடுவதற்கு ப்ளூஸ் என்று பெயர் சொன்னார்; அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் தங்கள் துக்கத்தைப் பாடுகிற பாட்டாம். ஊருக்கு வந்ததும் மனைவியிடம் அதைச் சொன்னேன்.

"பேரு கெடக்கட்டும். சாப்பிட்டியளா, அதச் சொல்லுங்க" என்றாள்.

வெளியே போய் வந்து படியேறும்போதே "ஏ பிள்ள, எங்கன இருக்க?" என்று கேட்பது என் வழக்கம். எங்கள் வீட்டில் ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கத் தேவையே இல்லை. ஆனாலும் கேட்பேன். "இங்கனதான்" என்பாள். எங்கள் பேச்சில் பாதி அதுதான்.

ஒரு நாள் ஆற்றில் துவைத்து வந்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, உடம்பு காய்கிறது என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு புறவாசலைப் பார்த்தேன். துணிகள் கொடியிலேயே கிடந்தன. அவற்றை எடுத்து மடிக்க எனக்குத் தெரியவில்லை. அப்போது வந்ததுதான் அந்தப் பாட்டு.

துணி காஞ்சி கெடக்கு பிள்ள,
வெயிலும் சாஞ்சி கெடக்கு,
எங்கன இருக்க?

அந்த வரிக்குப் பிறகு கொஞ்ச நேரம் பாட மாட்டேன். ஒரு ஆள் பதில் சொல்லும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டைவிரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். முதல் தடவை பாடியபோதே அந்த இடத்தில் "இங்கனதான்" என்று கேட்டது. அடுப்படிப் பக்கமிருந்து, அவள் குரலிலேயே. நான் பயப்படவில்லை. கிட்டாரை நிறுத்தினால் போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன்.

பிறகு எங்கே பாடினாலும் கேட்டது. சென்னையில் ஒரு குளிர்சாதன அரங்கில், கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமிருந்து வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகத்தான் ஊர் ஊராகப் போனேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் செத்தவர்களை வாய்விட்டுக் கூப்பிட்டு அழலாம். அதற்குப் பின் கூடாது. கூப்பிட்டால் ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயுமாக அவர்கள் நின்றுவிடுவார்கள் என்பார்கள். என் மனைவியின் அண்ணன், மில் வேலை முடிந்து சைக்கிளில் நேராக வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, தங்கச்சிக்குப் பதினாறு கழிச்சாச்சுல்லா?"

"கழிச்சாச்சு மச்சான்."

"பொறவு என்னத்துக்கு வே அவள ஊரெல்லாம் போயிக் கூப்பிடுதீரு?"

நான் கிட்டாரைச் சுவரோடு சாய்த்து வைத்தேன்.

"அம்மை கெனாவுல தங்கச்சி தெனமும் வாரா. ஈரத்தலையோட வாசல்ல நிக்காளாம். உள்ள வாட்டின்னா, 'அவரு கூப்பிடுதாரும்மா, போணும்'ங்காளாம். அம்மைக்கு ஒறக்கமே இல்ல. ஒம்ம பாட்டக் குத்தஞ் சொல்லல வே. மில்லுல எல்லாவனும் போன்ல அதத்தான் வச்சிருக்கான். நீரு வேற எதையாவது பாடும். ஆத்தப் பாடும், அல்வாவப் பாடும். எங்கூடப் பொறந்தவள மட்டும் போவ விட்டுரும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அவள் போகத்தான் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். போய்விட்டால் எனக்கு யார் பதில் சொல்வது?

அதற்கடுத்து டவுண் ரத வீதியில் ஜவுளிக் கடைக்காரர்கள் வைத்த விழாவில் பாடினேன். சாயங்காலம். மச்சான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேறு பாட்டுகளாகப் பாடி முடித்து எழுந்தேன்.

"அண்ணாச்சி, துணி பாட்டு!" என்று ஒருவர் கத்தினார்.

"அதப் பாடாம எறங்கிருவீரோ?" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

மச்சானைப் பார்த்தேன். வேண்டாம் என்று பைய தலையசைத்தார். நான் மறுபடியும் உட்கார்ந்தேன். மனசு ஒரு முடிவுக்கு வரும் முன்னாலேயே கட்டைவிரல் தட்ட ஆரம்பித்துவிட்டது.

"எங்கன இருக்க?" என்று பாடி நிறுத்தினேன்.

"இங்கனதான்!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண். இடுப்பில் குழந்தை இருந்தது. கேலி இல்லை. வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படியே வாயில் வந்துவிட்டது போல. அவளே வெட்கப்பட்டுச் சேலையால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த தடவை அந்த இடம் வந்தபோது நாலைந்து பேர் சொன்னார்கள். அதற்கடுத்து வீதியே சொன்னது. பலூன் விற்கிறவர் சொன்னார். நெரிசலில் நின்றுபோன டவுண் பஸ்ஸின் ஜன்னலிலிருந்தும் சொன்னார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு அத்தனை குரல்களுக்குள்ளே ஒரு குரலைத் தேடினேன். அகப்படவில்லை. பாட்டை முடிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஜனங்கள் தங்களுக்காகப் பாடுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

சில நாள் கழித்து மச்சான் வந்தார். முகம் தெளிந்திருந்தது. "அம்மை இப்பம் நல்லா ஒறங்குதா மாப்ள. கெனாவுல வாரதே இல்லையாம்" என்றார்.

"நல்லது மச்சான்" என்றேன். நல்லதுதான்.

மேடைகளில் இன்றும் பாடுகிறேன். ஜனங்கள் பதில் சொல்கிறார்கள். சத்தம் பெரிதாக இருப்பதால் வேறொன்றும் கேட்க வழியில்லை. வீட்டில் மட்டும் அந்தப் பாட்டை இதுவரை எடுக்கவில்லை. இங்கே கூட்டம் இல்லை. கேட்டு நிறுத்தினால், அந்த இடத்தில் ஒன்று அவள் இருப்பாள், அல்லது இருக்க மாட்டாள். எதுவென்று தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை. அதனால் படியேறும்போது வாயைத் திறப்பதில்லை; செருப்பைக் கூடச் சத்தமில்லாமல் கழற்றுகிறேன்.

புரட்டாசி மாதம், இரண்டாம் சனிக்கிழமை, மத்தியானம்.