மடுல்சீமை மூடுபனியில் மகளைத் தேடினேன்

காலை ஒன்பது பத்துக்கு மூடுபனி இறங்கியது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் வந்துகொண்டிருந்த மகளைக் காணவில்லை.

பறவை பார்க்க வேண்டும் என்று அவள் நச்சரித்ததால், பதுளையிலிருந்து ஒரு வழிகாட்டியோடு மடுல்சீமைக்குப் போயிருந்தோம். "மூச்சுக் காட்டாம வாங்க, பேசினா குருவி பறந்துரும்" என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். தேயிலைச் சரிவுக்குக் கீழே கிடுகிடு பள்ளம்.

"கவி!" என்று கத்தினேன். பதில் இல்லை.

"சார், நீங்க இங்கேயே இருங்க. நான் போய்ப் பாக்குறேன்" என்று வழிகாட்டி என் கையைப் பிடித்தார்.

"ஒங்க குருவியும் நீங்களும்!" என்று உதறிவிட்டு ஓடினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கால்கள் ஓய்ந்து, ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் அம்மாவிடம் என்ன சொல்வேன்?

அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை. பக்கத்து அறையில் அவள் சத்தமில்லாமல் படித்தால்கூட எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

அன்று பனி விலகியதும், கூப்பிடு தூரத்தில் ஒரு செடிக்குப் பின்னாலிருந்து கவி எழுந்து வந்தாள். காலெல்லாம் அட்டை.

"அப்பா கூப்பிட்டது கேக்கலையாடி?"

"கேட்டுச்சுப்பா. அங்க ஒரு குருவி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பதில் சொன்னா முட்டைய விட்டுட்டுப் போயிரும்ல?"