ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை

செவ்வாய், காலை

ஒசாகா விமான நிலையம் கடலை நிரப்பிக் கட்டிய தீவில் இருக்கிறது. பாங்கொக்கிலிருந்து வந்த விமானம் தரையைத் தொடும் வரை ஜன்னலில் தண்ணீர்தான் தெரிந்தது. என் ஊரான தேற்றாத்தீவிலிருந்து புறப்பட்டு ஓர் இரவு கொழும்பு பஸ்ஸிலும் இன்னோர் இரவு விமானத்திலும் கழிந்திருந்தன. இரண்டிலும் கண்ணயரவில்லை.

என் மகள் தர்ஷினி நான்கு வருடமாக இந்த நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி. வியாழக்கிழமை காலை ஆபரேசன். "சின்ன விசயம் அம்மா, நீங்க வரவேணாம்" என்றுதான் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஆபரேசன் முடியும்வரை உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே காத்திருக்க வேண்டும் என்பதையும், தனக்காக வேலையிடத்து மேற்பார்வையாளர் இருக்கச் சம்மதித்திருக்கிறார் என்பதையும் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அடுத்த நாளே நான் விசா அலுவலைத் தொடங்கினேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. கணித ஆசிரியை. கணவர் இல்லை. கொழும்புக்கு அப்பால் அதுவரை தனியே போனதில்லை.

தர்ஷினியின் விடுதியில் விருந்தாளிகள் தங்கக்கூடாது. அதனால் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் அவளே எனக்கு ஹோட்டல் பார்த்து வைத்திருந்தாள். "பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்தில அம்மா. எல்லா வசதியும் இருக்கு. விமான நிலைய பஸ் கிட்டடியில நிக்கும்." பஸ்ஸுக்கு ஆயிரத்து எண்ணூறு யென், ஒரு மணித்தியாலப் பயணம். அவள் சொன்னது சரிதான். இறங்கி நிமிர்ந்தால் ஹோட்டல். இருபத்தாறு மாடி.

ஆனால் ஜப்பானில் ஹோட்டல் அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் திறக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் போய் நின்றபோது மணி பத்தரை. வரவேற்பு மேசையிலிருந்த பெண் இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள், பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள், அறையைத் தரவில்லை. முகம் கழுவக்கூட இடமின்றி, வழவழப்பான கதிரையொன்றில் சேலையை இழுத்து மூடிக்கொண்டு இருந்தேன். பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

செவ்வாய், பிற்பகல்

ஆஸ்பத்திரி நகரத்தின் தெற்கே தென்னோஜி என்ற பகுதியில் இருந்தது. பார்வையாளர் நேரம் மூன்று முதல் ஐந்து வரை, ஒருவர் மட்டும், அரை மணித்தியாலம். நகரத்தை வட்டமாகச் சுற்றும் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்தில் தென்னோஜி என்று தர்ஷினி எழுதி அனுப்பியிருந்தாள்.

என் ஊரில் எனக்குத் திசை என்றால் இரண்டுதான்: கடல் பக்கம், வாவிப் பக்கம். கடல் பக்கம் சூரியன் எழும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் விழும். இடையில் உள்ள துண்டு நிலத்தில் எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த ஸ்டேசனிலோ சூரியனும் இல்லை, காற்றும் இல்லை. நிலத்துக்குக் கீழே கடைத்தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சுற்றிச் சுற்றி, ரொட்டி அடுக்கிய ஒரே பாண் கடைக்கு முன்னால் மூன்று முறை வந்து சேர்ந்தேன். கடைசியில் அவள் எழுதியிருந்த நிறமுள்ள மேடையைக் கண்டுபிடித்து, வந்த ரயிலில் ஏறினேன்.

அது வட்டத்தை விட்டுப் பிரிந்து போகும் ரயில். பெட்டி முழுக்கப் பிள்ளைகள். தலையில் பொம்மைக் காதுகள், வண்ணத் தொப்பிகள். ஏதோ விளையாட்டுப் பூங்காவின் வாசலில் எல்லோரும் ஆரவாரத்தோடு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். மணி மூன்றே முக்கால். அந்தச் சந்தோசக் கூட்டத்தின் நடுவே நின்று, ஐம்பத்தாறு வயதில், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரியின் பெயர் எழுதிய தாளைக் காட்டினேன். அதை வாசித்ததும் அவள் முகம் மாறியது. எதிர்ப்பக்க மேடைவரை கூடவே வந்து, ரயில் காவலரிடம் ஏதோ சொல்லி, என்னை ஏற்றிவிட்டாள். கதவு மூடும்போது பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு அசைத்துக் காட்டினாள். அந்த நாளில் என்னைத் திரும்பிப் பார்த்த ஒரே மனிசி அவள்தான்.

மகளின் கட்டிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மெலிந்திருந்தாள்.

"ஏன்மா இவ்வளவு சுணக்கம்? என்னென்னவோ யோசிச்சிட்டன்" என்றாள்.

"ரயில் மாறி ஏறிட்டன் மகள்."

"இதுக்குத்தான் வரவேணாம் எண்டு சொன்ன நான்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை. ஐந்து மணிக்குத் தாதி வந்து திரைச்சீலைக்கு வெளியே நின்று மெதுவாகச் செருமினாள். அவ்வளவுதான், எழும்பிவிட்டேன்.

அன்று மாலை திறந்துவிட்ட அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுடுதண்ணீர்க் கேத்தல், தேயிலை, மடித்து வைத்த இரவு உடுப்பு, வெள்ளைச் செருப்பு. மல்லாந்து படுத்தால் இரண்டு பக்கமும் கை நீட்டலாம், அவ்வளவு பெரிய கட்டில். ஜன்னல் மட்டும் திறக்காது. இருபத்துமூன்றாம் மாடிக்குக் கீழே வாகனங்கள் எறும்பு வரிசையாகப் போயின. ஒரு சத்தமும் மேலே வரவில்லை.

தம்பி ஊரிலிருந்து ஃபோன் எடுத்தான். "அக்கா, ரூம் எப்படி?"

"நல்ல வசதி தம்பி."

"பிறகென்ன? ராசாத்தி மாதிரி இரிங்க."

வைத்த பிறகுதான் உறைத்தது: பிறந்த நாளிலிருந்து நான் ஓர் அறையில் தனியே படுத்ததில்லை. முதலில் சகோதரிகள், பிறகு கணவர், அவர் போன பிறகு தம்பியின் மகள் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்வாள். தர்ஷினியும் அப்படி வளர்ந்தவள்தான். நான்கு வருடமாக அவள் படுக்கும் அறை எப்படியிருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. சாப்பிட்டியா, குளிரா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

புதன்

வியாழன் காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். பிந்தினால் ஆபரேசன் தள்ளிப்போகலாம்; இல்லாவிட்டால் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார்கள். இந்த ஸ்டேசனை நம்பி இனி ஒருநாளும் இருக்க முடியாது என்று முடிவெடுத்தேன். அதிகாலையிலேயே புறப்பட்டு, வழியில் நான்கு பேரிடம் தாளைக் காட்டி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். அங்கிருந்து காலால் நடந்து ஹோட்டல் தேடத் தொடங்கினேன்.

முதலாவது இடம் மலிவு, பாய் விரித்த அறை. மின்தூக்கி இல்லை, குளியலறை பொது. என் முழங்காலுக்கு ஒத்துவராது. இரண்டாவதில் வாசலிலேயே கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார்கள்; ஆண்களுக்கு மட்டுமாம், பெட்டகம் போன்ற அடுக்குப் படுக்கைகளாம். மூன்றாவது, கூரை போட்ட ஒரு கடைத்தெருவுக்குள் மரக்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. என் வயதுடைய ஓர் அம்மா மேசையில் இருந்தார். அவரிடம் மொழி மாற்றும் சிறு கருவி ஒன்று. நான் ஆங்கிலத்தில் சொல்வதை அது ஜப்பானிய மொழியில் பேசியது.

"அறையைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

படம் பார்த்து எடுப்பதுதான் அங்கே வழக்கம் போலும். சற்று யோசித்துவிட்டு என்னை நான்காம் மாடிக்குக் கூட்டிப்போனார். கட்டிலைச் சுற்றி ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவுதான் இடம்.

"ஜன்னல் திறக்குமா?"

கருவி அதைச் சொன்னதும் அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னலை ஒரு சாண் அகலத்துக்குத் தள்ளிவிட்டார். சைக்கிள் மணியும் மீன் விற்கிறவரின் கூவலும் உள்ளே வந்தன.

"சத்தம் அதிகம். உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றது கருவி.

"சத்தம் வேணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஒரு நாளுக்கு ஆறாயிரத்து எண்ணூறு யென். மூன்று மணிவரை காத்திருக்கத் தேவையில்லை என்று சாவியை அப்போதே தந்தார். பெட்டியை வாடகைக் காரில் கொண்டுவந்து சேர்த்தேன். பிற்பகல் மூன்று அடித்தபோது மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எப்படிம்மா வந்தீங்க?"

"நடந்து."

ஹோட்டல் மாறிய கதையைச் சொன்னதும் முகத்தைச் சுருக்கினாள். "அந்த மாதிரி இடத்திலயா? அம்மா நல்ல இடத்தில இருக்கோணும் எண்டுதானே அதைப் பார்த்து எடுத்தன்."

"எனக்கு இதுதான் நல்ல இடம் புள்ள."

வியாழன்

தள்ளுகட்டிலில் அவள் கதவுக்குள் போகும்போது, "பயப்படாதீங்கம்மா" என்று எனக்குச் சொன்னாள்.

காத்திருக்கும் அறையில் கழுத்தில் ஓர் இலக்க அட்டையைத் தொங்கவிட்டார்கள். சுவரோரம் ஏழெட்டுக் குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் ஓரிருவர், இடையில் வெறுங்கதிரைகள். ஊர்ப்பக்கம் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் என் கணவர் கிடந்தபோது வாசல் நிறையச் சனம் நின்றது. தேநீர்ப் போத்தலோடு அயலவர், மாணவரின் பெற்றோர், யாரென்றே தெரியாத ஒருவர் நேர்ந்துவந்த திருநீற்றோடு. இவ்வளவு கூட்டம் எதற்கு, கொஞ்சம் மூச்சுவிட விடமாட்டார்களா என்று அன்றைக்கு எரிச்சல் பட்டேன். இங்கே மூச்சுவிட நிறைய இடம் இருந்தது.

நண்பகலுக்குப் பிறகு என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். சிறிய அறையொன்றில் வைத்தியர் ஒரு வெள்ளித் தட்டைக் காட்டினார். அதில் என் மகளிடமிருந்து எடுத்த கட்டி, ஒரு பாக்குக்காய் அளவு. உறவினருக்குக் காட்டுவது அங்கே முறையாம். வைத்தியர் ஆங்கிலச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார்: உடனே சோதித்துப் பார்த்தோம், கெட்டதாக எதுவும் தெரியவில்லை, முழு முடிவு பிறகு வரும். நான் தலையாட்டினேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்கப் பக்கத்தில் வேறு கை இல்லை. அந்தத் தட்டை மேற்பார்வையாளர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மயக்கம் தெளிந்ததும் கரகரத்த குரலில், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஞாயிறு, திங்கள்

ஞாயிறு காலை, இனிப் போகலாம் என்று துண்டு வெட்டினார்கள். விடுதியில் பார்க்க ஆளில்லை என்று அவளை என்னோடு கூட்டிவந்தேன். ஹோட்டல் அம்மா அவளுடைய கழுத்தில் சுற்றியிருந்த காயக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு கட்டில் உள்ள மூலையறையின் சாவியை எடுத்துத் தந்தார். திங்கள் மத்தியானம் கடைத்தெருவில் சோறும் அவித்த முட்டையும் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுச் சம்பலோடு குழைத்துக் கொடுத்தேன். விழுங்க நோகும், சின்னச் சின்ன உருண்டையாகச் சாப்பிட்டாள்.

"முழு முடிவும் நல்லா வந்தா ஊருக்கு வந்திடுவியா?" என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இல்லம்மா. இன்னும் அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன். அங்க வந்து என்ன வேலை செய்ய?"

நான் அடுத்த உருண்டையைப் பிடித்தேன்.

"கோவமா?"

"இல்ல."

"நான் வரவேணாம் எண்டது காசுக்காக இல்ல. நீங்க வந்திட்டுப் போனா, பிறகு அந்த விடுதி அறையில இருக்கேலாது அம்மா. வராம இருந்தாப் பழகிடும்."

செவ்வாய்

விமான நிலைய பஸ் காலை எட்டு மணிக்கு. நிறுத்தம்வரை ஹோட்டல் அம்மாவும் வந்தார். தர்ஷினியைப் பெட்டி தூக்க விடாமல் தானே இழுத்துவந்தார். நான் ஏறி ஜன்னலோரம் இருந்தேன். கழுத்துக் கட்டை மறைக்கச் சால்வை சுற்றியிருந்த மகள் கையசைக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ் திரும்பிவிட்டது.

முழு முடிவு நான் ஊருக்கு வந்த பிறகு வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. பெரிய நகரத்தில் ஹோட்டல் எடுப்பது எப்படி என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். எதற்காகப் போகிறீர்களோ அதற்குக் கிட்ட எடுங்கள், ஜன்னல் திறக்குமா என்று கேளுங்கள் என்று சொல்கிறேன். மற்றதைச் சொல்வதில்லை. நான் பஸ் ஏறிய அன்று பதினொரு மணிவரை அறை எங்களுக்கு இருந்தது. விடுதிக்குப் போகாமல் மேலே திரும்பிப் போனதாகவும், தன் கட்டிலை விட்டுவிட்டு என்னுடையதில் படுத்ததாகவும் தர்ஷினி பிறகு ஃபோனில் சொன்னாள். அறை கூட்ட வந்த பெண் அவளைக் கண்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாளாம்.