பாலத்தடியில் எண்ணிய மீன்கள்

பொய்யே சொல்லாத ஒரு மனிதர் பதினாறு வருடம் தவறாகவே எழுதிக்கொண்டிருக்க முடியுமா? முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே அத்தாட்சி.

ஓடைத் தண்ணீரின் சூட்டை அளந்து குறிப்பது அவர் வேலை. கல்லூரி வாசலை மிதிக்காதவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘டிகிரி’. கோடையில் வாரம் ஒருநாள், பிற்பகல் மூன்று மணிக்குப் பாலத்துக்குப் போவார். நடு ஓடையில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்துக்கொள்வார். அதன்பின் நூறு மீட்டர் தண்ணீருக்குள் நடந்து மீன்களை எண்ண வேண்டும் என்பது விதி. முதல் வருடம் நடந்தார். அடுத்த வருடம் முழங்கால் மக்கர் பண்ணியது. பாலத்தடியில் கரையோரக் குழி ஒன்றில் மீன்கள் கும்பலாக நின்றன. காலை நனைக்காமலே எண்ணிவிடலாம். எண்ணினார். ‘தண்ணீர் இருபத்தொன்று, மீன் நூற்று நாற்பது’ என்று ஒரே வரியில் எழுதினார்.

அந்த வரிகளை நம்பித்தான் வரம்பு தயாரானது: இருபத்தொரு டிகிரி வரை மீனுக்கு ஆபத்தில்லை. மேட்டிலிருந்த ஆலை அந்த அளவு வரை ஓடையைச் சூடாக்கலாம். கையெழுத்தாக ஒரு வாரம்தான் இருந்தது.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பு கடித்த காலை ஆற்றிக்கொள்ளலாம் என்று குழிக்குள் விட்டார். ஜில்லென்றது. அடியில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. வெப்பமானியை அவிழ்த்து வந்து முக்கிப் பார்த்தார். பதினேழு. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நூறு மீட்டரும் நடந்தார். ஒரு மீன்கூட இல்லை. செழித்து நிற்கின்றன என்று இத்தனை வருடம் அவர் எண்ணியவை, சூடு தாங்காமல் ஓடிவந்து ஒண்டியவை.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? உங்க மீனெல்லாம் சௌக்கியமா?” என்றாள் மனைவி, இரவு சோறு போட்டபடி.

“எண்ணத் தெரியாதவன்கிட்ட எண்ணச் சொல்லிட்டாங்க.”

“ஏன், நூறுக்கு மேல வராதா?”

அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

“நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. முழங்கால் வலியையும் சேர்த்துச் சொல்லுங்க. பாவம்னு விட்டுடுவாங்க.”

“வலி அந்த ஒரு வருஷம்தான் இருந்துச்சு” என்றார், தட்டைப் பார்த்தபடி.

மறுநாள் அலுவலகத்தில் அவர் சொன்னதையெல்லாம் கேட்ட அதிகாரியம்மா, ஃபைலை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். “கருவி கோளாறுன்னு எழுதிடலாமா அண்ணே? ஒருத்தரும் துருவ மாட்டாங்க.”

அவருக்குத் தலை நிமிரவில்லை. காது மடல்கள் சிவந்திருந்தன. “கருவி சரியாத்தாம்மா இருந்துச்சு. நான்தான் இறங்கல.”

கையெழுத்து நின்றது. அடுத்த கோடையில் நான்கு பேர் ஓடை முழுக்க இறங்கி எண்ணினார்கள், அவரும் இறங்கினார். வரம்பு பதினெட்டானது. இதற்காக அவரைப் பாராட்ட ஒன்றுமில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

புதிய அறிக்கை அச்சுக்குப் போகும்போது, பழைய அட்டவணையை நீக்கிவிட்டதாக அதிகாரியம்மா ஆறுதலாகச் சொன்னார். “வேண்டாம்மா. கடைசிப் பக்கத்துல இருக்கட்டும். தப்புன்னு மேல போட்டு, எண்ணினவர்ங்கிற இடத்துல என் பேரையும் போட்டுடுங்க” என்றார் அவர்.

“எதுக்குண்ணே?”

மனைவியும் பின்னால் பலமுறை அதையே கேட்டாள். கேட்கும்போதெல்லாம் அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குக் கிளம்பிவிடுவார்.