பித்தளை ஸ்க்ரூ கெடவே இல்லை

இண்டூர் பக்கம் ஏரியில் மீன் வளர்க்கிறோம். தீவனம் போடும் அலுமினியப் படகின் சட்டத்தில் மரப்பலகையை முடுக்கியது நான்தான். சாமி அறைக் கதவுக்கு வாங்கியதில் மிஞ்சிய பித்தளை ஸ்க்ரூ கையில் இருந்தது. "இரும்பு துருப்பிடிக்கும். இது ஆயுசுக்கும் நிக்கும் பாரு" என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தில், தீவன மூட்டையோடு அவள் நின்ற பலகை அப்படியே பெயர்ந்தது. "ஏங்க" என்றாள். அதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டாள். குதித்து இழுத்தேன். பிழைத்தாள், படகு விளிம்பில் கிழிந்த முழங்கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

ஸ்க்ரூ கொஞ்சமும் கெடவில்லை. அது இறங்கியிருந்த அலுமினியம்தான் வெள்ளை மாவாக உதிர்ந்தது. "ஈரத்துல பித்தளை அலுமினியத்த அரிச்சிருமுங்க, கேட்டிருக்கலாமில்ல?" என்றார் வெல்டிங்காரர்.

இப்போது ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினியத்தில் படாமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் வாஷர். தினமும் பலகைமேல் முதலில் நான் குதித்துப் பார்க்கிறேன். அவள் கரையில் நின்று பார்க்கிறாள்; ஏறுவதில்லை.