கிளையோடு அறுந்த கேபிள்

எங்கள் ஊர் குடிநீர்ச் சங்கக் கூட்டத்தில், "நாமே பைபர் கேபிள் இழுத்தால் என்ன?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. போடிமெட்டுக்குக் கீழே ஒரு மலையூரில் குடிநீர்ச் சங்கமே இணையமும் நடத்துகிறது என்று கேள்விப்பட்டு, இந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

போடி பஸ் நிலையத்தில் இறங்கும்போது காலை ஏழு மணி. அங்கிருந்து அந்த ஊருக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்தான். இருபத்திரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் அப்பாஸ் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நெட்டப் பாக்கவா மலையேறுறீக? அது அந்துபோயி மூணு நாளாச்சுண்ணே," என்றார். வந்தது வந்தாயிற்று என்று ஏறி உட்கார்ந்தேன்.

போய் இறங்கியதும் காரணம் புரிந்தது. ஏலச்செடிக்கு மேலே நிழல் மரங்கள் நிற்கும். மழைக்கு முன் அவற்றின் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். கம்பம் நடும் செலவை மிச்சம்பிடிக்கிறோம் என்று, போன கார்த்திகையில் கேபிளை அந்தக் கிளைகளிலேயே கட்டிவிட்டார்கள். புதன்கிழமை கிளை கழித்தபோது ஏழெட்டு இடத்தில் கேபிளும் அறுந்துபோனது.

"கட்டுனதும் நாங்கதேன், வெட்டுனதும் நாங்கதேன். யாரப் போயி வைய?" என்று சிரித்தார் சங்கத் தலைவி பாண்டியம்மா.

சிரிக்க முடியாதவர் செல்வி. சென்னைக் கம்பெனி வேலையை ஊரிலிருந்தே பார்க்கிறார். கேபிளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசியவரும் அவர்தான். திங்கள் காலைக்குள் இணைப்பு வராவிட்டால் சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

"ரெண்டு வருசம் அங்க ஒரு ரூமுக்குள்ள அடஞ்சு கெடந்தேண்ணே. இனி போகமாட்டேன்," என்றார்.

இந்த முறை மரமே வேண்டாம், தண்ணீர்க் குழாயை ஒட்டிப் புதைத்துவிடலாம் என்று சங்கத்தில் முடிவானது. குழாய் உடைந்தால் முறை வைத்து, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து குழி வெட்டுவது இங்கே வழக்கம். கேபிளுக்கும் அதே முறைதான். வேடிக்கை பார்க்கப் போன என்னையும் பாண்டியம்மா விடவில்லை.

"சும்மா நிக்காம அந்தக் கடப்பாரையக் கொண்டாங்க தம்பி, வெரசா!"

ஞாயிறு முழுக்க வெட்டினோம். என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பாதித் தூரம்தான் புதைக்க முடிந்தது. மீதிக் கேபிளைத் தரையிலேயே போட்டோம். மாலையில் தேனியிலிருந்து கேபிள் ஒட்டும் மெஷினோடு ஒருவர் வந்து அறுந்த இடங்களை ஒட்டிக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜீப் காலை எட்டுக்குள் கிளம்பிவிடும், மாலை நான்கு மணிக்குத் திரும்பும். ஊரில் விடுதி இல்லை. நான் சங்கக் கட்டடத்தில் படுத்தேன். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். உங்கள் ஊரிலும் கேபிள் இழுப்பதானால், எவ்வளவு வேகம் வரும் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அறுந்தால் யார் வந்து நிற்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குச் செல்வியின் கணினியில் மேலாளர் முகம் தெளிவாக வந்தது. எனக்கே வேலை கிடைத்த மாதிரி இருந்தது. சொன்ன நேரத்துக்குள் இணைப்பு வந்ததை மேலாளர் பாராட்டி முடிக்கும்வரை செல்வி பொறுமையாக இருந்தார்.

"தேங்க்ஸ் சார். மதியம் ரெண்டு மணிக்கு மேல நான் இருக்க மாட்டேன். பாதிக் கேபிளு இன்னும் வெளியதான் கெடக்கு. இன்னைக்கு எங்க வீட்டு முறை."