நாற்றங்காலில் ஒரு கோல்ஃப் பந்து

திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் கோல்ஃப் ஆடிய முதல் பெண் நான்தான். கடைசிப் பெண்ணும் நானாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் நான் பெற்ற பிள்ளைகளே நம்புவதில்லை. "நீங்களாம்மா? கோல்ஃபா?" என்று கண்ணைச் சிமிட்டிக்கொள்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயல் நடுவே நின்று பந்தை அடித்தது இந்தக் கைதான்.

ஆட்சி மாறி, தெருவுக்குத் தெரு புதுக் கொடிக்கம்பம் முளைத்திருந்த காலம். நில உச்சவரம்பைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் எங்கள் பக்கத்து மிராசுதார்களுக்குத் தூக்கம் போயிற்று. பிறக்காத பேரனின் பெயரில் ஒருவர் நிலத்தை எழுதினார், வளர்க்கிற நாயின் பெயரில் இன்னொருவர் எழுதினார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அப்பா பெரிய மிராசுதார் இல்லை. ஆனாலும் சர்க்கார் போட்ட கோட்டைக் கொஞ்சம் தாண்டித்தான் நின்றார். தாண்டியது எங்கள் ஆற்றங்கரை நிலம்.

ஒரு காலத்தில் அது புல் முளைத்துக் கிடந்த மேட்டுத் திடல். பிற்பாடு மேட்டை வெட்டிச் சமன் செய்து நெல் போட்டார்கள். சர்க்கார் கணக்கில் மட்டும் அது இன்னும் திடலாகவே இருந்தது. நிலத்தின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வலது ஓரத்தில், அஞ்சலையின் குடிசையும் அவள் உறவுக்காரர்களின் குடிசைகளும் இருந்தன. எங்கள் வயலில் நாற்றுப் பறிக்கவும் நடவும் வருகிற பெண்களுக்கெல்லாம் அஞ்சலைதான் தலைமை. அவள் பாட்டை ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் குனிவார்கள்.

இந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார். மாமா அம்மாவின் தம்பி. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு வந்ததாக அவர் சொன்னார். மேனேஜரைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார் என்பது அப்பாவின் கட்சி. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்த நீளத் தோல்பை ஒன்று மாமாவிடம் இருந்தது. உள்ளே நாலைந்து கோல்ஃப் மட்டைகளும் ஒரு பை நிறையப் பந்துகளும்.

மாமா சாப்பாட்டு இலையில் கையை வைத்தபடியே சொன்னார். "உச்சவரம்பு விவசாய நிலத்துக்குத்தானே அத்தான்? வெளையாட்டு மைதானத்துக்கு இல்லியே! சர்க்கார் கணக்குலயே திடல்னு இருக்கு. வரப்ப வெட்டிச் சமமாக்கிப் புல்லப் போடுவோம். கோல்ஃப் மைதானம்னு எழுதிக் குடுப்போம். எவன் வந்து என்ன கேட்டுடுவான்?"

இந்த ஊரில் யார் ஆடுவார்கள் என்று அப்பா கேட்டார். "நான் ஆடறேன், பாப்பா ஆடுது" என்றார் மாமா. பாப்பா என்றால் நான். இப்படித்தான் என் கோல்ஃப் வாழ்க்கை ஆரம்பித்தது.

அறுவடை முடிந்ததும் வரப்புகளை வெட்டிப் பரப்பினார்கள். அருகம்புல்லைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பதித்தார்கள். பந்து கடைசியில் போய் விழவேண்டிய குழியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "வாய்க்காலுக்கு அந்தாண்ட, கோடிக்கு வச்சுடு. அங்கதான் எரு போட்ட மண்ணு. புல்லு நல்லாப் புடிக்கும்." தன் அக்காவுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே ஒரு கொட்டாங்குச்சியைப் புதைத்து, பக்கத்தில் மூங்கில் குச்சியில் அம்மாவின் கிழிந்த சிவப்பு ரவிக்கையைக் கொடியாகக் கட்டினார். சிவப்புக் கொடியைப் பார்த்ததும் அப்பா ஓடிவந்தார். விவசாயச் சங்கத்துக்காரர்கள் நட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்றார். மறுநாள் மஞ்சள் துணி பறந்தது.

எனக்கு முதல் பாடம், முதல் அடி. "நம்ம பலத்தக் காட்டறதுக்கு இல்ல பாப்பா மொத அடி. ரெண்டாவது அடி அடிக்கத் தோதா பந்த நிப்பாட்டணும். அதுக்குத்தான்" என்று மாமா விளக்கினார். எதிரே வாய்க்கால் இருக்கிறது. பெரிய மட்டையால் ஓங்கி அடித்தால் தாண்டும், தப்பினால் தண்ணீரில் விழும், கொஞ்சம் வலதுபக்கம் இழுத்தால் குடிசை, இடதுபக்கம் போனால் தென்னந்தோப்பு. ஆகவே சின்ன மட்டையை எடு, வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே பந்தை நிறுத்து, அங்கிருந்து அடுத்த அடியில் தாண்டு. இதுதான் அவர் சொல்லிக் கொடுத்தது. ஆனால் தான் அடிக்கும்போது மாமா ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. பெரிய மட்டைதான், ஓங்கின அடிதான். பாதிப் பந்து வாய்க்காலோடு ஆற்றுக்குப் போயிற்று.

முதல் அடி எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கிட்டத்து அடிதான் வரவில்லை. வாய்க்காலைத் தாண்டிப் பந்தைத் தூக்கிக் குழிக்குப் பக்கத்தில் போடவேண்டும். போட்டால் அது நிற்காது. பங்குனி வெயிலில் காய்ந்து வெடித்த மண்ணில் விழுந்த பந்து முயல் மாதிரி எகிறி ஓடும். மெதுவாக அடித்தால் வாய்க்காலில் விழும், வேகமாக அடித்தால் அடுத்தவர் வயலுக்குப் போகும். "கைய ஒடிக்காத! மட்டைய நம்பு!" என்று மாமா கத்துவார். ஒரு நாள் மட்டையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா கொல்லையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "ஓடற பந்து பின்னாடி எதுக்குடி ஓடற?" என்றாள். "அஞ்சல நாத்து முடி வீசறப்ப பாத்திருக்க இல்ல? கைய ஆட்டி, மெதுவா மேல தூக்கி வுடுவா. சேத்துல விழுந்தா அப்படியே நிக்கும். நீயும் அப்படிப் போடேன். கோடியில ஈரமா இருக்கற எடம் பாத்துப் போடு. எங்கயும் ஓடாது."

மறுநாள் அப்படிச் செய்து பார்த்தேன். பறித்துக் கட்டிய நாற்று முடியை வீசுகிற மாதிரி கையை ஆட்டினேன். பந்து மேலே போயிற்று, அசட்டையாக இறங்கிற்று, கொடிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்து நின்றது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். நீலகிரியில் துரைமார்கள்கூட இப்படிப் போட்டதில்லை என்றார். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவ்வளவு பெருமை.

இதற்கு நடுவில் ஒரு சங்கதி நடந்தது. அதை நான் காதில் மட்டும்தான் வாங்கினேன். "குடிசைங்கள எடுத்துடணும் அத்தான்" என்றார் மாமா. "மைதானத்து ஓரத்துல கோழியும் ஆடும் மேஞ்சா, மைதானம்னு எவன் ஒத்துப்பான்? தாசில்தார் பாத்துட்டுச் சரின்னு சொல்லட்டும், மறு வாரமே காலி பண்ணச் சொல்லிடுவோம்."

"அவங்க எங்கடா போவாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"எங்கயாவது போவாங்கக்கா. ஊர்ல எடமா இல்ல?"

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிலம் போவதும் அவருக்குப் பொறுக்காது, குடிசை போவதும் பொறுக்காது. இரண்டில் எதையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷர் அவர். அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தாசில்தார் வருகிற நாள் வந்தது. விடியற்காலையில் நான் எழுந்தபோது அம்மா கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. "புல்லு வாடிக் கெடந்துச்சு. கோடியில மடையத் தொறந்து கொஞ்சம் தண்ணி வுட்டுட்டு வந்தேன்" என்றாள். விருந்தாளி வரும்போது வாசல் தெளிப்பதில்லையா, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

தாசில்தார் ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். அப்பா கொடுத்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். குடிசை வாசலில் அஞ்சலையும் மற்றவர்களும் நின்றார்கள். வழக்கமாக என்னைப் பார்த்தால் ஏதாவது கேலி பேசுகிற அஞ்சலை, அன்று இடுப்புக் குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா எப்போது வந்தாளோ, அஞ்சலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

மாமா அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக வந்தார். சின்ன மட்டையைத்தான் முதலில் எடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். அதை வைத்துவிட்டுப் பெரிய மட்டையை எடுத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஓங்கி அடித்தார். பந்து வாய்க்காலைத் தாண்டியது என்னவோ உண்மை. தாண்டி வலதுபக்கம் வளைந்து அஞ்சலையின் கூரையில் விழுந்து, கீற்றைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. உள்ளே ஏதோ பானை உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அது யார் வீடு?" என்று கேட்டார் தாசில்தார்.

"காலி பண்ணிடுவாங்க சார். அடுத்த வாரமே" என்றார் மாமா.

தாசில்தார் குடிசைகளை ஒரு தடவை பார்த்தார். "வேற யாராவது ஆடுவாங்களா?" என்றார். மாமா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். குடும்ப மானமே என் கையில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் சின்ன மட்டையை எடுத்தேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே பந்தை நிறுத்தினேன். நடந்துபோய் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, நாற்று முடியை நினைத்துக் கையை ஆட்டினேன். பந்து எழும்பியது. என் ஆயுசில் அப்படி ஒரு அடி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொடிக்கு ஒரு சாண் தூரத்தில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றது, ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். மாமா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். தாசில்தார் மட்டும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் கொடியை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கொடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் செருப்பைக் கழற்றினார். அடுத்த அடியில் அவருடைய பாதம் கணுக்கால்வரை இறங்கியது. குனிந்து, பாதி புதைந்திருந்த பந்தைப் பிடுங்கி எடுத்தார். அது விழுந்த பள்ளத்தில் விரலை விட்டு மண்ணைக் கிள்ளி, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். கன்னங்கரேலென்று, வெண்ணெய் மாதிரி மண்.

"இது நாத்தங்கால்தானேங்க?" என்று அப்பாவைக் கேட்டார். குரலில் கோபமே இல்லை. "நானும் நன்னிலத்துப் பக்கந்தான். எங்க வீட்லயும் நாலு தலைமுறையா நாத்து விட்டிருக்காங்க. திடல்ல விழுந்த பந்து இப்படி நிக்காது."

மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் தோளில் கைவைத்தார். "ஆமாங்க. நாத்தங்கால்தாங்க" என்றார். பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர்போல இருந்தது அப்பாவின் முகம்.

ஆற்றங்கரை நிலம் போயிற்று. கூறு போட்டு, நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கோடித் துண்டு அஞ்சலை வீட்டுக்கு வந்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அடுத்த பருவத்துக்கு அதே நாற்றங்காலில் அவள் விதை தெளித்தாள். அந்த விதைநெல் எங்கள் வீட்டுக் குதிரில் இருந்து போனது. அம்மாதான் அளந்து கொடுத்தாள். அப்பா பார்த்தும் பார்க்காதவர்போல இருந்துவிட்டார். மாமாவும் பாவம், என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நீலகிரிக்கே திரும்பிப் போகும்போது அந்தச் சின்ன மட்டையை எனக்குக் கொடுத்துவிட்டு, "நிலம் கெடக்குது போ. அப்படி ஒரு அடிய நான் அடிச்சதே இல்ல பாப்பா" என்றார்.

எனக்கு அன்றைக்கு இருந்த வருத்தமெல்லாம் வேறு. பந்து எழும்பியபோது வாய்க்காலின் இரண்டு கரையிலும் இருந்த அத்தனை தலையும் அதோடு சேர்ந்து உயர்ந்து, அதோடு சேர்ந்து தாழ்ந்தது. மாமா பார்த்தார், அப்பா பார்த்தார், அஞ்சலையின் இடுப்புக் குழந்தைகூடப் பார்த்தது. அம்மா பார்க்கவில்லை. பந்து எங்கே விழும் என்று முன்னமே தெரிந்தவள் மாதிரி, தாசில்தாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடித்ததிலேயே நல்ல அடியை, பெற்ற தாய் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.