வெள்ளைச்சீலை மாமி

ஜெயமதியைப் பேயாக்கியது ஒரு பனிப்புயல்.

பிரெஞ்சு பேசும் குளிர்நாட்டு நகரமொன்றின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில், பலசரக்குக் கடையும் வீடியோ கடையும் சேர்த்து நடத்திய கனகசிங்கத்தார், சமூக கேபிள் தொலைக்காட்சியில் சனிக்கிழமை மாலைகளில் தமிழ்ப் பேய்ப்படங்கள் போட்டுவந்தார். படத்துக்கு முன்னும் இடையிலும் யாராவது பேய் வேஷத்தில் வந்து நாலு கதை சொல்ல வேண்டும். ஒளிப்பதிவு அவருடைய வீட்டு பேஸ்மென்டில். 2001 மார்கழியில், பின்னால் தொங்கும் கறுப்புத் துணியைத் தைத்துக் கொடுக்கப் போன ஜெயமதி, ரயில் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். பேயாக வர இருந்த மனுசன் வரவில்லை.

"தங்கச்சி, நீர் ஒருக்கா நிண்டு பாருமன்," என்றார் கனகசிங்கத்தார். அவருடைய மனைவி புஷ்பராணி, பெட்டிக்குள் கிடந்த வெள்ளைச்சீலை ஒன்றை எடுத்து வந்தாள். ஜெயமதி பொட்டைத் துடைத்து, தலைமயிரை அவிழ்த்துவிட்டாள். மூலையில் நின்ற பெரிய எண்ணெய்ச் சூடாக்கியின் பின்னாலிருந்து மெல்ல எழும்பி, "கதவப் பூட்டியாச்சா? பூட்டினாலும் என்ன, நான் உள்ளுக்குத்தானே நிக்கன்," என்றாள். புஷ்பராணி வீறிட்டுக் கத்தினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஊரெல்லாம் அவள் வெள்ளைச்சீலை மாமிதான். அவள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் மாடிக்கட்டடங்களில் பிள்ளைகள் லிஃப்டுக்குள் அவளைக் கண்டால் அலறிக்கொண்டு ஓடினார்கள். பனிக்குப் பயந்து வெளியே இறங்காத முதியவர்கள் படத்தை விட்டுவிட்டு அவளுக்காகவே காத்திருந்தார்கள். கடைக்குத் தொலைபேசி எடுத்து, "இந்தக் கிழமை மாமி மெலிஞ்சு போனா, சாப்பிடச் சொல்லுங்கோ" என்பார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றில் நிலம் துடைக்கிற ஒருத்தியை இத்தனை பேர் தேடுவது அவளுக்கே புதினமாக இருந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் மட்டக்களப்பு. 1990இல் அகதி முகாமுக்குள் வந்த சீருடைக்காரர், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி அவளுடைய புருசன் அருமைராசாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது மகள் நிலக்ஷி வயிற்றில் இருந்தாள். அருமைராசா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிள்ளையோடு இங்கே வந்த பிறகும் ஜெயமதி தாலியையும் கழற்றவில்லை, வேஷம் போடும் நேரம் தவிரப் பொட்டையும் அழிக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவளை எந்தப் பக்கம் இருத்துவதென்று சனத்துக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பெரும்பாலும் குசினிப் பக்கமாக நின்றுகொள்வாள்.

சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் ஊருக்குப் போன யாரோ நிகழ்ச்சியின் கசெட் ஒன்றையும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிலிருந்து மாமியாரின் அழைப்பு வந்தது.

"வெள்ளைச்சீல உடுத்திட்டியாம். ஆரிட்டக் கேட்டு உடுத்த புள்ள?"

"அது நடிப்பு மாமி. பேய்..."

"நெத்தியில பொட்டும் இல்ல. நான் பாத்தன். என்ட மகன் செத்திட்டான் எண்டு நீ எப்ப முடிவெடுத்த?"

அதோடு மறுமுனை அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எத்தனை தரம் எடுத்தாலும் மாமியார் கதைக்கவில்லை.

அந்தக் கிழமையே கனகசிங்கத்தாரிடம் போய், இனி வரமாட்டேன் என்றாள்.

"ஏன் தங்கச்சி? சனம் உமக்காகத்தானே பாக்குது."

"அப்ப வேற நிறத்துல உடுக்கட்டா, அண்ணை?"

அவர் சம்மதித்தார். அடுத்த சனிக்கிழமை சிவப்புச் சேலையும் பெரிய குங்குமப் பொட்டுமாகச் சூடாக்கியின் பின்னாலிருந்து எழும்பினாள். கடைத் தொலைபேசி ஓயவில்லை. "பேய்க்குக் கலியாணமோ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பஸ்ஸிலும் அதே கேள்வி. வீட்டில் நிலக்ஷி பள்ளிப்பையைக் கழற்றாமலே நின்று கேட்டாள்: "அம்மா, papa செத்திட்டாரா இல்லையா? ஏதாவது ஒண்டச் சொல்லுங்க."

"தெரியாது மகள்."

"Tu dis toujours ça," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். எப்போதும் இதைத்தான் சொல்கிறாயாம்.

ஜெயமதி இரண்டு கிழமை ரொக்ஸ்பரோ பக்கம் போகவில்லை.

அந்த நாட்களில்தான் அவள் துடைக்கிற வார்டுக்கு அல்போன்சம்மா வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்து மனுசி, நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. தாதிமார் பிரெஞ்சில் கேட்டதற்கெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பேசாமல் கிடந்தாள். ஜெயமதி துடைப்பத்துடன் உள்ளே நுழைந்ததும் எழும்பி உட்கார்ந்தாள்.

"நீ டீவியில வாற பேயெல்லோ?"

"ஓம் அம்மா."

"கிட்ட வா. பயமில்லை." கிழவி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ செத்த சனத்தோட புழங்கிறனி. என்ர சின்னவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நெடுத்த பெடியன், இடக்கன்னத்தில தழும்பு. அங்க கண்டனியோ?"

ஜெயமதி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கண்டேன் என்றால் அவன் செத்தவன். காணவில்லை என்றால் இந்தக் கிழவி சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். அந்தப் பார்வை என்னவென்று அவளை விட யாருக்குத் தெரியும்? கையை இழுத்துப் பார்த்தாள். பிடி தளரவில்லை.

"சொல்லன் பிள்ளை."

"காணல்ல அம்மா. நல்லாத் தேடிப் பாத்திட்டன். அங்க அவர் இல்ல."

அல்போன்சம்மாவின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும்," என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் தாதி கொடுத்த சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தாளாம். மறுநாள் அதே கேள்வியை அதே மாதிரிக் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். மாதா கோயில் சினேகிதிகள் அவளைப் பார்க்க வந்தபோது விஷயம் வெளியே கசிந்தது. பிறகு கடைக்கு வந்த அழைப்புகள் வேறு விதமாக இருந்தன. ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லி, மாமி வந்தால் கேட்டுச் சொல்லச் சொன்னாள். வேறொருத்தி தம்பியைக் கேட்டாள். கனகசிங்கத்தார் அந்தப் பெயர்களை ஜெயமதியிடம் தொலைபேசியில் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

"நான் என்னண்ணை சொல்லுற?"

"எனக்கும் தெரியேல்லை தங்கச்சி. ஆனா நீர் வராட்டி, அங்க கண்டிட்டீர் எண்டு நினைச்சு அதுகள் இன்னும் பயப்பிடுங்கள்."

அவள் திரும்பப் போனாள். பழைய வெள்ளைச்சீலையைத்தான் உடுத்தாள். பொட்டை மட்டும் அழிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். கேட்ட பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, தேடிப் பார்த்தேன், அங்கே இல்லை என்றாள்.

2007இல் நிலக்ஷிக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் இடம் கிடைத்தது. நகரம் இருக்கும் தீவின் மேற்கு நுனி. போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், வழக்கமில்லாத வழக்கமாகத் தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்களும் வாங்க. அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல. உங்கள ஒருத்தருக்கும் தெரியாது."

ஒருத்தருக்கும் தெரியாத ஊர். ஜெயமதி அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"சனிக்கிழம நிகழ்ச்சி இருக்கு மகள்."

"அது முடியட்டும். பிறகு வாங்களன்."

"பிறகும் சனிக்கிழம வருமே. பேர் கேக்கிற ஆக்களும் இருப்பாங்களே."

நிலக்ஷி எழும்பி உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள். ஜெயமதி போய் அவளுக்கு மடித்துக் கொடுத்தாள்.